கொழிஞ்சாம்பாறை ஆக்ரிக் கடையின் ராணுவ அலமாரி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கும் இந்த ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடையில்) பித்தளைக் குத்துவிளக்கும் உருளியும் தரமாகவும் நியாயமான விலையிலும் கிடைக்கின்றன. என் புகார், 'எம்79 குண்டு' என்று ஒரே அட்டை எழுதி வைத்திருக்கும் கண்ணாடி அலமாரியைப் பற்றியது.

அதில் நெடுக்காக அறுத்துத் திறந்த ஒன்று மட்டும் உண்மையிலேயே எம்79 வகை. அமெரிக்கப் படை 1961 முதல் பயன்படுத்திய எம்79 என்ற கிரனேடு லாஞ்சருக்கான (சிறு குண்டுகளை ஏவும் துப்பாக்கிக்கான) 40 மி.மீ. குண்டின் அலுமினிய உறை 46 மி.மீ. நீளமுள்ளது. உறையின் அடியில் சிறு அறையில் வெடிமருந்து எரிந்து, அழுத்தம் துளைகள் வழியாகப் பெரிய அறைக்குள் பரவித் தணிந்த பிறகே குண்டைத் தள்ளுவதால்தான், தோளில் வைத்துச் சுடுபவர் அதன் உதையைத் தாங்க முடிகிறது. அறுத்த பக்கத்தில் அந்தத் துளைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். பக்கத்தில் இருப்பதன் உறை 53 மி.மீ.; அது எம்கே19 போன்ற தானியங்கி லாஞ்சருக்குரியது. மூன்றாவது, உறையே இல்லாத ரஷ்ய வகை.

"நீல நெறமுங்க, பயிற்சிக் குண்டு, பயமே இல்லீங்க" என்றார் கடைக்காரர். அமெரிக்க முறையில் நீலம் பயிற்சிக்கான நிறம்தான். ஆனால் நீலத்தின் மேல் பழுப்புப் பட்டையோ மஞ்சள் பட்டையோ இருந்தால் உள்ளே மருந்து உண்டு என்று பொருள். மேலும், பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இறக்குமதிக் கழிவு இரும்போடு வந்ததாக அவரே சொல்கிறார். 2004இல் காசியாபாத் பக்கம் ஓர் இரும்பாலையில் அப்படிக் கலந்து வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

என்னைத் திடுக்கிடச் செய்தது கீழ்த்தட்டில் இருந்த அமெரிக்கக் குண்டு. அதன் இடுப்புப் பட்டையில் சாய்வான வரிகள் பதிந்திருந்தன. துப்பாக்கிக் குழலின் உள்ளே இருக்கும் வரிப்பள்ளங்கள் பதிக்கும் தடம் அது; அதாவது, அது குழலைத் தாண்டிப் பறந்த குண்டு. (ரஷ்ய வகையில் தயாரிக்கும்போதே வரிகள் இருக்கும், அங்கே இந்த அடையாளம் செல்லாது.) மருந்தை எடுத்ததற்கான துளை எங்கும் இல்லை. சுட்டும் வெடிக்காத குண்டின் பியூஸ் (குண்டை வெடிக்கச் செய்யும் பொறி) தயார்நிலையிலேயே நிற்கக்கூடும். ஆகவே சுடாத குண்டைவிட இதுவே ஆபத்தானது.

வெளியே வந்தவுடன் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் பார்த்து முடிக்கும்வரை, விளக்கு வாங்குவதற்காகக்கூட இந்தக் கடைப் பக்கம் போக வேண்டாம்.