ஐந்து மாதக் குழந்தையோடு மதுரையில்: ஓர் அறுவை சிகிச்சையும் ஒரு கையெழுத்தும்

ஜூன் மாதம் டாலஸிலிருந்து ஐந்து மாத மகனைத் தூக்கிக்கொண்டு திருமங்கலத்தில் மாமனார் வீட்டுக்கு வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்காம் நாள் குளிப்பாட்டும்போது அத்தைதான் முதலில் பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுததும் வலது தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் புடைத்தது. அழுகை அடங்கியதும் உள்ளே போய்விட்டது.

"பயப்படாதம்மா. பெரியவனுக்கும் சின்னப் பிள்ளையில தொப்புள் பிதுங்கி இருந்துச்சு. காசு வச்சுக் கட்டினோம், தானா அமுங்கிருச்சு" என்றார் அத்தை.

தொப்புள் பிதுக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். காசு கட்டாவிட்டாலும் மூடும். தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் அப்படியல்ல. கருவில் இருக்கும்போது விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதை மூடாமல் நின்றுவிடுவதால், குடல் அதன் வழியே நழுவி வருகிறது. அறுவை சிகிச்சை செய்தே மூட வேண்டும். குடல் அங்கே சிக்கிக்கொண்டால் வீக்கம் கல்லாக இறுகும், குழந்தை விடாமல் அழும், பச்சையாக வாந்தி எடுக்கும். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதில் ஒரு வரிகூட அன்று எனக்குத் தெரியாது.

வீட்டில் எல்லோரும் வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவமனைக்கு மதுரைக்குக் கிளம்பினோம். பெயர் வேண்டாம். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "குடலிறக்கம். நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். காலையில வந்தா சாயங்காலம் போயிடலாம்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கவுன்டருக்கு அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தேன்.

"குழந்தையோட அப்பா எங்கம்மா?"

"அமெரிக்காவுல இருக்காரு."

"அப்ப தாத்தாவைப் போடச் சொல்லுங்க. ரூல்ஸ் அப்படித்தான்."

பத்து நாள் இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தையை மீட்டெடுத்தவள் நான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றேன். மாமாவும் பேனாவை வாங்கவில்லை. "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியல, அவளுக்கும் யாரும் சொல்லல. பெறகு யாரு போட்டா என்ன?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அப்படி ஒரு விதியும் கிடையாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதலிலும், 'அவருக்குப் பின்' தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 'பின்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொன்னது. தந்தை இறந்த பிறகுதான் தாய்க்கு உரிமை என்று பொருள் கொள்ளக் கூடாது. அவர் வேறிடத்தில் இருப்பதால் குழந்தையைக் கவனிக்க முடியாத நிலையிலும் தாயே பாதுகாவலர் என்றது. எங்கள் நிலைமை அதுதான். எது ஒப்புதல் என்பதையும் 2008இல் அதே நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது: என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போதுமான அளவு சொன்ன பிறகு தருவதே ஒப்புதல்.

அன்றிரவு போனில் கணவரோடு நெடுநேரம் பேசினேன். டாலஸுக்குத் திரும்பிப்போய்ச் செய்துகொள்ளலாமா என்றார். இருபது மணி நேரத்துக்கும் மேலான பயணம். கடலுக்கு மேலே பறக்கும்போது குடல் சிக்கிக்கொண்டால்? இங்கேயே செய்வது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது என்று முடிவெடுத்தோம்.

கல்லூரித் தோழி சொன்ன குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் மறுநாள் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வாரத்துல பிறந்தான்?" முப்பத்தைந்து என்றேன். பிறந்து இருபத்திரண்டு வாரம். இரண்டையும் கூட்டிப் பார்த்தார், ஐம்பத்தேழு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கூட்டு வயது 60 வாரத்துக்குள் இருந்தால், மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு இடையிடையே நின்றுபோகும் ஆபத்து கூடுதலாம். அதனால் இரவு முழுக்க மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். முந்தின நாள் 'சாயங்காலம் போயிடலாம்' என்றவர்கள் எத்தனை வாரம் என்று கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் விடுத்த எச்சரிக்கையைப் படித்திருந்தேன். அதை மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த எச்சரிக்கை மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பலமுறையோ, மூன்று மணி நேரத்துக்கு மேலோ மயக்கம் கொடுப்பதைப் பற்றியது. இதே குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட 722 குழந்தைகளைச் சேர்த்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்ற குழந்தைகளுக்கும், முழு மயக்கம் இல்லாமல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்ட குழந்தைகளுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லிவிட்டு, "இன்னும் கேளுங்க, பரவாயில்லை" என்றார்.

படிவம் தமிழில் இருந்தது. விரைக்குப் போகும் இரத்தக்குழாயில் காயம் படலாம், வீக்கம் திரும்பவும் வரலாம், பின்னால் இடது பக்கமும் வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். என் வாசனை தெரிந்தால் அழுவான் என்று மாமாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். அறுவை சிகிச்சை நாற்பது நிமிடம். பெரியவர்களுக்கு வைப்பதுபோல் தாங்கலுக்கு வலை எதுவும் வைக்கவில்லை, குழந்தைகளுக்குத் தேவையில்லையாம். இரவு முழுக்க மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராகவே இருந்தது. இரண்டு நாள் அறை, மருந்து எல்லாம் சேர்த்து ரூ.58,000 ஆனது.

கைக்குழந்தையோடு ஊருக்கு வருகிறவர்கள் பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் வைத்திருங்கள். எத்தனை வாரம், என்ன எடை, மூச்சுத் திணறல் இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

கிளம்பும் முன் முதல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். படிவத்தில் 'தந்தை' என்று மட்டும் இருக்கும் இடத்தில் 'தாய்' என்றும் சேர்க்க வேண்டும், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று கேட்க ஒரு கட்டம் வேண்டும். இந்த இரண்டு கோரிக்கைதான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டு, பஸ் ஏறிப்போய் நேரில் கொடுத்துவிட்டு வந்தார்.