கேரியர் பையா, ஃபிரேம் பையா: மணாலி–காசா சாலைக்கு எது?

இமாச்சலத்தின் மணாலியில் இருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கின் காசாவுக்குக் கூடாரத்தோடு சைக்கிளில் போவதென்றால் முதல் கேள்வி, சுமையை எங்கே கட்டுவது என்பதுதான். வழியில் கிராம்ஃபு என்ற இடத்தைத் தாண்டினால் பாத்தல் வரை கற்களும், சாலை மேலேயே ஓடும் ஓடைகளும்தான். அப்புறம் சுமார் 4,550 மீட்டர் உயர குன்சும் கணவாய்.

கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் இரண்டில் 40 லிட்டர் பிடிக்கும். அரிசி, அடுப்பு, கம்பளி எல்லாம் தாராளமாகப் போகும். ஆனால் கற்பாதை அதிர்வில் முதலில் தளர்வது கேரியர் போல்ட்தான். எனக்கு வழியில் சத்ரு என்ற இடத்தின் அருகே ஒன்று கழன்று விழுந்து, பை ஸ்போக்ஸ் கம்பியில் உரசியது. கூடாரக் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி ஒப்பேற்றினேன். மாற்று போல்ட் நாலைந்து கையில் இருக்கட்டும்.

ஃபிரேமுக்குள்ளும் சீட்டுக்குப் பின்னும் வாரால் இறுக்கும் பைகளில் அந்தத் தொல்லை இல்லை. இறங்கித் தள்ளும்போது கெண்டைக்காலில் இடிக்காது. இடம்தான் கஞ்சம். ஸ்லீப்பிங் பேக் ஒன்றே சீட் பையை விழுங்கிவிடும். அடியில் கிடக்கும் சாக்ஸுக்காக எல்லாவற்றையும் உருவ வேண்டும்.

பாத்தலிலும் லோசரிலும் சாப்பாடு கிடைக்கும் கோடைக்காலம் என்றால் நான் இரண்டாவதையே கட்டுவேன். சொந்தச் சமையல்தான் என்றால் சரி, கேரியர்; அதுவும் இரும்பில். அலுமினியம் விரிசல் விட்டால் வழியோர வெல்டிங் பட்டறையில் லேசில் ஒட்டாது.