கார் ஷெட்டுல மாவு வியாபாரம் - 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், 14 மாசம் ஓட்டின அனுபவம்

வீட்டுலயே இட்லி மாவு போட்டு விக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். வாங்குறதுக்கு முன்னாடி நான் தேடினப்போ எல்லாரும் "சூப்பர் மெஷின்"னு ஒத்த வரியில முடிச்சிருந்தாங்க, ஒரு வருஷம் ஓட்டினவங்க சொன்னது ஒண்ணும் கிடைக்கல.

எங்க வீடு திருச்சி கே.கே.நகர்ல. காரை வித்ததுக்கு அப்புறம் ஷெட்டு சும்மா கிடந்துச்சு, பத்துக்கு பதினாறு அடி. மொதல்ல வீட்டு டேபிள் டாப் கிரைண்டர்ல தான் ஆரம்பிச்சேன், 2 லிட்டர். தெருவுல ஆறு வீட்டுக்கு குடுத்த வரைக்கும் பிரச்சனை இல்ல, ரெண்டு மளிகைக் கடை கேட்டதும் ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஈடு போட வேண்டியதாச்சு, மூணாவது ஈட்டுலயே மோட்டார் கொதிக்கும், அந்த சூடு மாவுல இறங்கி உளுந்து காணவே காணாது, அதாவது பொங்கி அளவு கூடாது. உளுந்து காணலன்னா இந்த தொழில்ல லாபமே இல்ல.

அப்புறம் தான் கோயம்புத்தூர் போய் 10 லிட்டர் டில்டிங் (டிரம்மை அப்படியே சாய்ச்சு மாவை ஊத்துற மாடல்) வாங்குனோம். கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கின ஊரு, நாலு கடை ஏறி இறங்கி ஓட்டிப் பாத்து வாங்கலாம்னு போனது. 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், வி பெல்ட், ஒரே பெரிய குழவி. வண்டி வாடகை இல்லாம 26,500 ரூபா ஆச்சு.

மாவு எப்படின்னா, அதுல குறையே சொல்ல மாட்டேன். டிரம் நிதானமா சுத்துறதால மாவு சூடாகிறதே இல்ல. ஒன்றரை கிலோ உளுந்து போட்டு, ஐஸ் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு தெளிச்சு முப்பத்தஞ்சு நிமிஷம் விட்டா வெண்ணெய் மாதிரி பொங்கி மேல வருது, ஒரு சொட்டு எடுத்து தண்ணியில விட்டா மிதக்குது. அரிசி ஒரு ஈட்டுக்கு 4 கிலோ தாராளமா போகும். பத்து லிட்டர்னு சொல்றாங்களேன்னு விளிம்பு வரைக்கும் ரொப்பக் கூடாது, பெல்ட் வழுக்கி கீச்சுன்னு கத்தும். எனக்கு 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயத்துக்கு சுமார் 12 கிலோ மாவு வருது, அரிசி உளுந்து செலவு மட்டும் 320 ரூபா கிட்ட. கடைக்கு கிலோ 38க்கு போடுறேன். தினமும் மூணு மணி நேரம் ஓடுது, கரண்டு 3 யூனிட்டுக்குள்ள தான்.

புதுசா வந்ததும் உடனே மாவு ஆட்டிடாதீங்க. கல்லுல மண்ணு இருக்கும். நான் தவிட்டை தண்ணி விட்டு ரெண்டு தடவை, பழைய அரிசியப் போட்டு ரெண்டு தடவை ஆட்டி கொட்டினேன், நாலாவது தடவை தான் பல்லுல நறநறப்பு நின்னுச்சு. எங்க அத்தை பக்கத்துலயே நின்னு வாயில போட்டு பாத்து பாத்து, சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் முதல் ஈடு போட்டேன்.

சாய்ச்சு ஊத்துற வசதி தான் இதோட உயிர். அஞ்சு கிலோ மாவை குனிஞ்சு குனிஞ்சு கையால வழிச்சவங்களுக்கு அது புரியும். ஆனா கல்லுக்கு அடியில, அந்த நடுக்கம்பி சுத்தி மாவு போய் ஒட்டிக்குது, தினமும் பிரஷ் விட்டு தேய்க்கலன்னா மறுநாள் புளிச்ச வாடை வந்து புது மாவையும் கெடுக்கும். கழுவவே இருபது நிமிஷம் ஆகுது. இதை கடையில யாரும் சொல்லல.

சர்வீஸ் தான் பெரிய மனவருத்தம். கடை பேரு சொல்ல விரும்பல. 48 மணி நேரத்துல ஆள் வரும்னு சொல்லித் தான் வித்தாங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு 60 கிலோ ஆர்டர், ஆறு கிலோ உளுந்து ஊறிட்டு இருக்கு, சுவிட்ச் போட்டா ஊம்முனு சத்தம் மட்டும் வருது டிரம் நகரல. ரெண்டு நாள் போன் எடுக்கவே இல்ல. ஊறின உளுந்தை ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு விடியக்காலம் தெரிஞ்ச மாவு மில்லுல கெஞ்சி ஆட்டி குடுத்தேன், அன்னிக்கு நான் அழுதுட்டேன். அப்புறம் நம்ம ஏரியா மோட்டார் வைண்டிங் கடை அண்ணன் வந்து பாத்தா, மோட்டாரை சுத்த ஆரம்பிக்க வைக்கிற கெப்பாசிட்டர் போயிருக்கு, பத்து நிமிஷ வேலை. இப்போ ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பெல்ட்டும் எப்பவும் பீரோவுல இருக்கு. வாங்குறப்பவே அளவு நம்பரை கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

மெஷினை விட ஷெட்டுக்கு தான் எனக்கு அதிகமா செலவாச்சு, 40,000 தாண்டிருச்சு. தரை கார் ஏறுறதுக்கு போட்ட சொரசொர சிமெண்ட், மாவு சிந்தினா போகாது, அதனால டைல்ஸ் போட்டு தண்ணி ஓட வாட்டம் விட்டு, தண்ணி போற ஓட்டைக்கு சல்லடை மூடி வச்சோம். ஈரத்துல நின்னு வேலை, அதனால எர்த்தும், கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லி ஆம்ப் இஎல்சிபியும் கண்டிப்பா போடுங்க, இதுல காசு பாக்காதீங்க. வீட்டு மீட்டர்லயே ஓட்டலாம்னு நிறைய பேர் சொன்னாங்க, அது தப்பு, மின்சார சட்டம் 126வது பிரிவுல பிடிச்சா அபராதம் கட்டணும், நாங்க தனி கனெக்‌ஷன் வாங்கிட்டோம். வீட்டுக்காரர் பைக்கும் இப்போ ஷெட்டுல நிக்கிறதில்ல, பெட்ரோல் வாடையை மாவு அப்படியே இழுத்துக்கும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பொருள் விக்க எடுக்க வேண்டிய அரசாங்கப் பதிவு பத்தி பயப்படாதீங்க. நான் எடுத்தப்போ வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபா. அதுல குடுக்குற 14 இலக்க நம்பர், எடை, விலை, பேக் பண்ண தேதி எல்லாம் கவர்ல அடிக்கணும்.

சத்தத்துக்கு காலுக்கு அடியில தடிமனான ரப்பர் மேட் போட்டேன். முன்னெல்லாம் காலையில நாலு மணிக்கு ஓட்டுவேன், எதிர்வீட்டு அக்கா குழந்தை முழிச்சுக்குதுன்னு வந்து சொன்னாங்க, நியாயம் தானே, சாயங்காலத்துக்கு மாத்திட்டேன். ராத்திரி புளிச்சு காலையில கடைக்கு போகுது. சித்திரை வைகாசியில மட்டும் இது ஒத்து வரல, நம்ம ஊரு வெயிலுக்கு அஞ்சு மணி நேரத்துல பொங்கி கவர் வெடிக்குது, அந்த ரெண்டு மாசம் ஆட்டின உடனே ஃபிரிட்ஜ் தான்.

தினம் 15 கிலோவுக்கு கீழன்னா இவ்வளவு பெருசு வேணாம், 5 லிட்டர் டில்டிங் போதும். 30 தாண்டுதுன்னா இதை தயங்காம வாங்கலாம், ஆனா உள்ளூர்ல சர்வீஸ் பண்ண ஆள் இருக்கற கடையில. நான் அடுத்து உளுந்துக்குன்னு தனியா ஒரு 5 லிட்டர் பாத்துட்டு இருக்கேன், இந்த தடவை திருச்சியிலயே.