ஆண்டுக்கு 48 வெள்ளி: எங்கள் பழைய கார் குழுவின் சந்தா பற்றி

சிங்கப்பூரில் இணையம் வழி இயங்கும் எங்கள் பழைய கார் குழுவின் சந்தா நினைவூட்டல் ஜனவரி முதல் வாரத்தில் கைப்பேசிக்கு வந்தது. ஓராண்டுக்கு 48 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை நான் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த, மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் தாதி, "பேசுறதுக்கு எதுக்குக் காசு கட்டுறீங்க? சும்மா கிடைக்கிற குழு எத்தனையோ இருக்கே" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு குழுவுக்குக் காசு கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் என் வண்டி. 2009 நவம்பரில் பதிவான சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், மஞ்சள் நிறம், 1,586 சிசி, கையால் மாற்றும் ஐந்து கியர். 2016-இல், சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமம்) முடிய மூன்றாண்டு மிச்சம் இருந்தபோது, இன்னொருவரிடமிருந்து வாங்கினேன். வாங்கிய வாரமே குழுவில் சேர்ந்தேன். குழுவின் பெயரை இங்கே போடவில்லை. தெரிந்தவர் கைகாட்டி ஆள் வருவதைத்தான் நிர்வாகிகள் விரும்புகிறார்கள்.

அப்போது சந்தா கிடையாது. செலவையெல்லாம் பட்டறைகளும் டயர் கடைகளும் பார்த்துக்கொண்டன. அவர்களுடைய விளம்பரம் மேலேயும் கீழேயும் ஓடும். நமக்கென்ன, இலவசம்தானே என்று நானும் இருந்தேன். ஒரு நாள் ஓர் உறுப்பினர், விளம்பரம் கொடுத்த பட்டறை ஒன்றில் பிரேக் வேலை சரியாகச் செய்யவில்லை என்று படங்களோடு எழுதினார். மறுநாள் காலையில் அந்தப் பதிவைக் காணோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டாலும் பதில் வந்திருக்காது. பிரேக்கைப் பற்றிய எச்சரிக்கை அது. அன்றிலிருந்து அங்கே யாராவது ஒரு பட்டறையைப் புகழ்ந்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

2017-இல் இன்னொரு அடி. பழுது பார்ப்பதைப் படிப்படியாகக் காட்டும் படங்களை எல்லாரும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இலவச இடத்தில் ஏற்றி வைத்திருந்தோம். அந்த நிறுவனம் திடீரென்று, வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 400 அமெரிக்க டாலர் கட்டு என்றது. உலகம் முழுக்கக் கார் ஆர்வலர்கள் சேர்த்து வைத்த படங்கள் ஒரே வாரத்தில் சாம்பல் நிறக் கட்டங்களாக மாறின. "படம் 4-இல் காட்டியபடி போல்ட்டைக் கழற்றவும்" என்று எழுத்து மட்டும் நிற்கும், படம் 4 இருக்காது.

ஆகவே 2021-இல் நிர்வாகிகள் கூப்பிட்டு, விளம்பரத்தை நிறுத்துகிறோம், எல்லாரும் சந்தா கட்டுங்கள், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்று நேராகச் சொன்னபோது நான் தயங்கவில்லை. பலர் தயங்கினார்கள், போயும் விட்டார்கள். இன்றைக்குச் சந்தா கட்டுபவர்கள் 140 பேர்.

காசு எங்கே போகிறது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் அச்சிட்டே கொடுக்கிறார்கள். சென்ற ஆண்டு வரவு 6,720 வெள்ளி. சர்வர் வாடகைக்கும், இரண்டு இடத்தில் நகல் வைப்பதற்கும் சேர்த்து 2,640. படங்களுக்கு மட்டும் தனியாக 600. தளப் பெயருக்கு 30. கருவிகளுக்கு 1,150. சமூக மன்றத்தில் அறை எடுத்த வகையில் 480. மிச்சம் 1,820 சேமிப்பில். நம் ஊரில் பத்துப் பேரும் அதற்கு மேலும் சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் முறையாகப் பதிவு செய்துவிட்டதால் சந்தா யாருடைய சொந்தக் கணக்குக்கும் போவதில்லை, சங்கத்தின் பதிவு எண்ணுக்கு பேநவ் என்ற மின்னியல் பணப் பரிமாற்றம் வழியாகப் போகிறது. இது எனக்கு முக்கியம். கூட்டுச் சீட்டில் ஏமாந்த குடும்பம் எங்களுடையது, கணக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் யாருக்கும் காசு கொடுப்பதில்லை.

சரி, அந்த 48 வெள்ளிக்கு எனக்குக் கிடைத்தது என்ன?

இரண்டு ஆண்டுக்கு முன்பு ஒரு நாள், இரவு வேலை முடித்து வீடு திரும்பும்போது வண்டியில் ஒரு சத்தம். சில்வண்டு கத்துவது மாதிரி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வரும். தீவின் வடக்கில் உள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரித்துக் கட்ட வேண்டும், 3,800 வெள்ளி ஆகும் என்றார்கள். உள்ளே பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அனுபவம் என்றார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் குழுவில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு தனி அரட்டை அறை இருக்கிறது, இருபது பேருக்கு மேல் இருப்போம். அதில், கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக் அங்கிள் ஒருவர் இருக்கிறார். தட்டச்சு செய்ய மாட்டார், எல்லாம் குரல் பதிவுதான். என் கேள்வியைப் பார்த்துவிட்டு அனுப்பினார்: "அம்மா, வண்டிய நியூட்ரல்ல போடுங்க. கிளட்ச்ச மிதிக்காம பத்து வினாடி, மிதிச்சபடி பத்து வினாடி. சத்தத்தப் பிடிச்சு அனுப்புங்க. இடையில ஒண்ணும் பேசாதீங்க, வானொலியும் வேணாம்."

ஈசூனில் எங்கள் புளோக் வாகன நிறுத்துமிடத்தின் ஐந்தாம் மாடியில், காலை எட்டு மணிக்கு, பதிவு செய்து அனுப்பினேன். பெடலை மிதித்தபோதுதான் சத்தம். காலை எடுத்ததும் நின்றுவிட்டது.

அங்கிள் பத்தே நிமிடத்தில் பதில் போட்டார். கிளட்ச்சை மிதிக்கும்போது சத்தம் வந்தால் அது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஏனென்றால் அப்போதுதான் அதன் மேல் அழுத்தம் விழுகிறது. மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றால், அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பெடலை மிதித்தால் என்ஜினோடு உள்ள தொடர்பு அறுந்து ஷாஃப்ட் சுற்றாமல் நின்றுவிடும், அதனால்தான் அந்தச் சத்தமும் நிற்கும். "உங்களோடது முதல் வகை. கியர் பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. ஆனா பேரிங் மாத்த எப்படியும் பெட்டிய இறக்கணும், அதோட கிளட்ச் தட்டையும் மாத்திடுங்க, ரெண்டு தடவ கூலி கொடுக்காதீங்க" என்றார்.

காக்கி புக்கிட்டில் இன்னொரு பட்டறையில், அங்கிள் சொன்னதை அப்படியே சொல்லிச் செய்யச் சொன்னேன். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி. இறக்கியபின் பழைய பேரிங்கைக் கையில் கொடுத்தார்கள். விரலால் சுற்றினால் மணலை அரைப்பது போல் கரகரத்தது. மிச்சமான 3,020 வெள்ளியை 48-ஆல் வகுத்தால் அறுபது ஆண்டுக்கு மேல் சந்தா கட்டலாம்.

காசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. அந்த அங்கிளுக்கு எந்தப் பட்டறையிடமிருந்தும் ஒரு காசு வருவதில்லை, குழுவுக்கும் வருவதில்லை. அதனால் அவர் சொன்னதை இன்னொரு கண்ணால் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அவருடைய அந்த விளக்கம் என் சத்தப் பதிவோடு சேர்த்துக் குழுவின் பழைய பதிவுகள் இருக்கும் களஞ்சியத்தில் போடப்பட்டது. அதைக் கேட்டுத் தன் வண்டியின் கோளாறைத் தானே கண்டுபிடித்ததாக இதுவரை நான்கு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

சிஓஇ விஷயத்திலும் இப்படித்தான். 2019-இல் புதுப்பிப்பதா, வண்டியைக் கொடுத்துவிடுவதா என்று மூன்று மாதம் தூங்கவில்லை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பாதித் தொகைதான், ஆனால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது, வண்டியைக் கைவிட்டே ஆக வேண்டும். பத்தாண்டு என்றால் முழுத் தொகை, பிறகும் புதுப்பிக்கலாம். எதை எடுத்தாலும் பதிவை நீக்கும்போது அரசிடமிருந்து திரும்ப வர வேண்டிய பார்ஃப் என்ற கழிவுத் தொகை போய்விடும். கட்ட வேண்டிய தொகை கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரி என்பதால், எந்த மாதத்தில் கட்டுவது என்பதும் ஒரு கணக்கு. இதையெல்லாம் ஒரே அட்டவணையில் போட்டு, நம் எண்களை நிரப்பினால் விடை வரும்படி குழுவில் ஒரு தம்பி செய்து வைத்திருந்தார். சாலை வரியில் பத்தாண்டு தாண்டினால் 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும் கூடுதல் கட்டணத்தையும், ஆண்டுதோறும் சோதனைக்குப் போகும் செலவையும் அதில் சேர்த்திருந்தார். என் வண்டிக்கு 735 வெள்ளியை ஒட்டி இருந்த சாலை வரி இப்போது 1,100-ஐ ஒட்டி வருகிறது. அப்போதே அட்டவணையில் பார்த்திருந்ததால் அதிர்ச்சியில்லை.

முப்பதாயிரம் வெள்ளியை ஒட்டிய தொகை கட்டிப் பத்தாண்டு எடுத்தேன். பிறகு 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது, என் வண்டி இருக்கும் ஏ பிரிவே ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியையே இன்னும் ஓட்டலாமா என்று கேட்டு வந்தவர்கள்தான்.

கருவிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டார்க் ரெஞ்ச், கம்ப்ரெஷன் மீட்டர், பிழைக் குறியீடு படிக்கும் கருவி, பிரேக் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் கருவி எல்லாம் சந்தாக் காசில் வாங்கியவை. முன்பதிவு செய்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், கைமாற்றும்போது இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துப் போட வேண்டும். இதுவரை ஒரே ஒரு சாக்கெட்தான் தொலைந்திருக்கிறது.

மலேசியப் பயணங்களும் உண்டு, அவை எனக்கு அவ்வளவு ஒத்துவருவதில்லை. காலை ஐந்து மணிக்கு துவாஸ் பக்கம் கூடுவார்கள், இரவு வேலை செய்யும் எனக்கு அது தூங்கப் போகும் நேரம். போகிறவர்களுக்கு நல்ல ஒழுங்கு இருக்கிறது: பெட்ரோல் முக்கால் டாங்குக்குக் குறையக்கூடாது, விஇபி என்ற மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டியைச் சேர்ப்பதில்லை. 2025 ஜூலையிலிருந்து அந்த அனுமதி இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். வேகமாக ஓட்டிய காணொளியைப் போட்டால் முதல் தடவையே வெளியே. இந்த விதிக்காக நான் நிர்வாகிகளை மனதார மதிக்கிறேன், அவசரப் பிரிவில் வேலை செய்த எனக்கு அதன் அருமை தெரியும். ஒரு ஞாயிறு காலை பழைய அப்பர் தாம்சன் சாலையில் மெதுவாக ஓட்டிப் போனதுதான் எனக்குப் பிடித்த பயணம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்த பாதை அது. இரண்டு பக்கமும் மரம், குரங்குகள். பிசாசு வளைவு என்று பெயர் வாங்கிய திருப்பத்தில் இரண்டாம் கியரில் திரும்பும்போது, அந்தக் காலத்தில் பாதுகாப்பு வேலிகூடச் சரியாக இல்லாமல் இதில் எப்படிப் பறந்தார்கள் என்று நெஞ்சு பதறியது.

குறைகள். இரவு பதினொன்றுக்கு மேல் எந்த எண்ணெய் நல்லது என்று சண்டை தொடங்கினால் நிற்காது, அறிவிப்பை அணைத்து வைப்பதுதான் வழி. தேடும் வசதி ஆங்கிலத்துக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. அங்கிளின் தமிழ்க் குரல் பதிவுகளை யாராவது கேட்டு எழுதி வைத்தால்தான் தேடலில் கிடைக்கும். நானும் இன்னொரு தம்பியும் இதுவரை முப்பத்தெட்டை எழுதி முடித்திருக்கிறோம், இன்னும் நூற்றுக்கு மேல் இருக்கிறது. மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

பெரிய குறை ஒன்று கணக்குத் தாளிலேயே தெரிகிறது. அதில் ஆள் கூலி என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு அண்ணன்கள் வேலை முடிந்து வந்து, இரவில் சர்வரைப் பார்த்து, மோசடி விளம்பரங்களை நீக்கி, சண்டையை விலக்கி, கருவிகளைத் துடைத்து வைக்கிறார்கள். சென்ற ஆகஸ்டில் ஒருவருக்கு டெங்கி வந்து படுத்தபோது பதினொரு நாள் யாராலும் புதுப் படம் ஏற்ற முடியவில்லை. கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. 48 வெள்ளி குறைவு என்பது என் கருத்து. 60 ஆக்கினால் ஆண்டுக்கு 1,680 வெள்ளி கூடுதலாக வரும். அதை அந்த இருவருக்கும் மதிப்பூதியமாகக் கொடுத்து, மூன்றாவதாக ஒருவரையும் பழக்க வேண்டும். மார்ச் மாத ஆண்டுக் கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூத்த அண்ணன் படித்துவிட்டு, "காசுக்காக நாங்க செய்யலம்மா" என்றார். "தெரியும்ணே, அதுக்காகத்தான் கேக்குறேன்" என்று சொன்னேன். வழிமொழிய ஒருவர் கிடைத்துவிட்டார்.

பத்தாண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி வைத்திருந்து, அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உண்மையான ஆசை இருந்தால் சேருங்கள். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போகிற வகை என்றால் இந்த 48 வெள்ளி உங்களுக்கு வீண். முதல் மாதம் சந்தா இல்லாமலே களஞ்சியத்தைப் படிக்கலாம். அப்புறம், டார்க் ரெஞ்ச் வேண்டுமென்று காத்திருப்பவர்களுக்கு: அது இந்த வாரம் என்னிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை செம்பவாங்கில் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவேன்.