இன்சுலின் ஊசி யார் கையில்: அம்மாவா, பிள்ளையா?

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள, அதாவது உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காததால் தினமும் ஊசி தேவைப்படும் பிள்ளை பதின்ம வயதை எட்டியதும் வீட்டில் எழும் கேள்வி இது.

அம்மா போட்டால் அளவு தவறாது, வேளை தப்பாது. ஆனால் விடியுமுன் அவர் நடவுக்குக் கிளம்பும் நாளில், பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், யார் போடுவது?

பிள்ளையே போடப் பழகினால் அந்தக் கட்டு அவிழும். நண்பர்களோடு கல்லணைக்குப் போய்வரலாம். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும் தெரிந்திருக்கும். சிக்கல் சலிப்பில்தான். போடாமலே "போட்டாச்சும்மா" என்று சொல்லும் வயது. ஊசி தொடர்ந்து தவறினால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும்: பருவமடையும் காலத்து ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். பிள்ளை எந்தத் தப்பும் செய்யாமலே சர்க்கரை ஏறும். அதற்குத் திட்டினால் அடுத்த முறை சர்க்கரை அளவையே மறைத்துவிடும்.

நான் பிள்ளையின் பக்கம்தான், ஆனால் ஒரே நாளில் அல்ல. ஊசியைப் பிள்ளை போடட்டும். இரவில் இருவரும் சேர்ந்து அளவுகளைப் பார்க்கட்டும். பரீட்சை வாரத்தில் சோர்ந்துபோய்க் கேட்டால், சில நாள் அம்மாவே போட்டுவிடட்டும்.