மெயில் சேர்வருக்கு முன்னால் எதை நிறுத்துவது? எச்.ஏ.புரொக்சி, என்ஜின்எக்ஸ், டவ்கொட்

யாழ்ப்பாணத்தில் தலைமை அலுவலகம், சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் கிளைகள், மொத்தம் 120 மெயில் கணக்குகள். பழைய சேர்வரில் இடம் முடிந்துவிட்டது, புதிது வாங்கியாயிற்று. எல்லாரையும் ஒரே இரவில் மாற்ற முடியாது. பத்துப் பத்துப் பேராகத்தான் நகர்த்தலாம். அதற்காக ஒவ்வொருவருடைய போனையும் வாங்கி செட்டிங்கைத் திருத்திக்கொண்டிருக்க என்னால் ஏலாது. ஆகவே முன்னால் ஒரு புரொக்சி தேவைப்பட்டது, அதாவது எல்லாருடைய இணைப்பையும் தான் வாங்கிப் பின்னால் உள்ள சேர்வருக்குக் கடத்திவிடும் இடைநிலை நிரல்.

எங்கள் இணையத்தளத்துக்கு ஏற்கெனவே எச்.ஏ.புரொக்சி ஓடுகிறது. கை பழகியது என்பதால், முதலில் அதைப் பழைய சேர்வருக்கு மட்டும் முன்னால் வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை கிளிநொச்சியிலிருந்து கணக்காளர் அக்கா: "தம்பி, ஒருத்தருக்கும் மெயில் திறபடேல்லை." ஒருவர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார், அவருடைய போன் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. ஐந்து தரம் பிழைத்ததும் பெயில்ரூபான் (பிழையான கடவுச்சொல் திரும்பத் திரும்ப வரும் முகவரியைத் தடுக்கும் நிரல்) அந்த ஐ.பி. முகவரியைப் பூட்டிவிட்டது. பிரச்சினை என்னவென்றால், சேர்வரின் கண்ணுக்கு எல்லாரும் புரொக்சியின் முகவரியிலிருந்துதான் வருகிறார்கள். ஒருவருக்குப் போட்ட பூட்டு அத்தனை பேருக்கும் விழுந்தது. பிழை என்னுடையதுதான். புரொக்சி புரொட்டோகோல் என்ற வசதியைப் புரொக்சி, சேர்வர் என்று இரண்டு பக்கமும் போட்டிருந்தால் உண்மையான முகவரி பின்னால் போயிருக்கும். மெயிலைப் படிக்கக் கொடுக்கும் டவ்கொட், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டுக்கும் அது விளங்கும்.

இன்னொன்று, பேச்சில்லாத இணைப்பை அறுக்குமுன் எச்.ஏ.புரொக்சி பொறுத்திருக்கும் காத்திருப்பு நேரம். வெப்புக்கு எழுதிய 50 விநாடியை, மெயிலைச் சேர்வரில் வைத்தே படிக்கும் முறையான ஐமாப்புக்கும் அப்படியே விட்டால், புது மெயிலுக்காகச் சும்மா காத்திருக்கும் போன்களின் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். அவை 29 நிமிடம் வரை பேசாமல் இருக்கலாம் என்பது ஐமாப் விதி. அரை மணிக்கு மேல் வையுங்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது ஒன்று உண்டு: எச்.ஏ.புரொக்சிக்கு ஐமாப் தெரியாது. வருகிறவர் யார் என்று பார்க்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும். பின்னால் ஒரே மாதிரியான இரண்டு சேர்வர்கள் நிற்கும் இடத்தில் அதை அடிக்க ஆளில்லை. "இவர் பழையதுக்கு, அவர் புதியதுக்கு" என்று பிரிக்க அது உதவாது.

என்ஜின்எக்ஸ் பெயரைக் கேட்டுப் பிரிக்கும். ஐமாப், மெயிலை இறக்கி எடுக்கும் பொப், மெயில் அனுப்பும் எஸ்.எம்.ரி.பி மூன்றும் தெரியும். ஆனால் யாரை எங்கே அனுப்புவது என்பதை ஒவ்வொரு தடவையும் எச்.ரி.ரி.பி வழியாக வேறொரு நிரலிடம் கேட்கும். அந்த நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். அது விழுந்தால் யாரும் உள்ளே வர முடியாது. பதிலில் சேர்வரின் பெயர் கொடுத்தால் ஏற்காது, ஐ.பி. முகவரிதான் வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது. உறுப்பினர் கணக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு வெப் செயலியில் இருப்பவர்களுக்கு இது நல்ல தெரிவு. எனக்கு மேலதிக வேலை.

கடைசியில் டவ்கொட்டையே புரொக்சியாக வைத்தேன். ஆளுக்கொரு வரி உள்ள சாதாரணக் கோப்பு. அந்த வரியில் அவருடைய மெயில்பெட்டி எந்தச் சேர்வரில் என்று இருக்கும். கடவுச்சொல்லைப் பின்னால் உள்ள சேர்வரே சரிபார்க்கும். ஒருவரை நகர்த்த, பெட்டியைப் பிரதி எடுத்து, வரியில் முகவரியை மாற்றினால் சரி. பின்னால் நிற்பதும் டவ்கொட் என்பதால், புரொக்சியை நம்பகமான முகவரியாகக் குறித்ததும் உண்மையான ஐ.பி. தானாக வந்துவிடுகிறது. பெயில்ரூபானும் இப்போது ஆளறிந்து பூட்டுகிறது.

குறையும் உண்டு. மெயில் அனுப்பும் 587 ஆம் போர்ட்டை அது பார்க்கும், வெளியிலிருந்து மெயில் வரும் 25 ஆம் போர்ட்டைப் பார்க்காது. அதை நேரே போஸ்ட்ஃபிக்ஸுக்கு விட்டிருக்கிறேன். ஒருவரை எப்போதும் ஒரே சேர்வருக்கு அனுப்பும், பழைய வழிகாட்டிகளில் வரும் டவ்கொட்டின் 'டைரக்டர்' வசதியை நம்பித் திட்டம் போடாதீர்கள், 2.4 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

எதை வைத்தாலும், கரண்ட் போய் புரொக்சி ஓடும் கணினி நின்றால் மூன்று அலுவலகமும் சேர்ந்து நிற்கும். யூ.பி.எஸ்ஸில் முதல் இடம் அதற்குத்தான், முகாமையாளரின் பிரிண்டருக்கு இல்லை. அதற்கு அவரைச் சம்மதிக்க வைத்தாயிற்று. அவருடைய மெயில்பெட்டியைத்தான் இன்னும் நகர்த்தவில்லை. ஆண்டறிக்கை முடியட்டும் என்கிறார்.