வீடு வீடாகக் கணக்கெடுப்பா, வந்து பதியும் பதிவேடா?

நலத்திட்ட உதவி யாருக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு தேசியக் குடும்பப் பதிவேடு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. அதை எப்படி நிரப்புவது என்பதில்தான் இழுபறி. ஆட்களை அனுப்பி ஒரே மூச்சில் எல்லா வீட்டையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் அலுவலகத்தைத் திறந்து வைத்து, தேவைப்படுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பதியட்டும் என்று விடலாம். இதில் ஒன்றைப் பரிந்துரைக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன், இன்றும் அங்கேதான்.

கணக்கெடுப்பின் பலம் தெரிந்ததே: அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவரும் பட்டியலில் வந்துவிடுவார். சரி, அப்புறம்? இந்தியாவில் 2018-இல் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்பங்களைத் தேர்ந்தது 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை வைத்துத்தான். அந்த ஏழு வருடத்தில் சம்பாதித்தவர் இறந்திருக்கலாம், கூட்டுக்குடும்பம் மூன்று அடுப்பாகப் பிரிந்திருக்கலாம். படிவத்தில் மட்டும் பழைய குடும்பத் தலைவரும் அவருடைய கல்சுவரும் அப்படியே இருப்பார்கள். திருத்தலாம் என்றால், எடுத்தவர்கள் வேலை முடிந்து கலைந்துபோயிருப்பார்கள்.

வந்து பதியும் முறைக்கு உதாரணம் பிரேசிலின் தேசியக் குடும்பப் பதிவேடான கடாஸ்ட்ரோ யூனிகோ; அது 2001-இல் தொடங்கியது. குடும்பம் உள்ளூர் நகராட்சியில் நேர்காணல் கொடுத்துப் பதிகிறது; வீடோ வருமானமோ மாறினால் சொல்ல வேண்டும், ஒன்றுமே மாறாவிட்டாலும் இரண்டு வருடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். இதில் என்னைக் கவர்ந்தது அந்த விதியைவிட அதற்குப் பின்னால் இருக்கும் பணம். 2006 முதல் மத்திய அரசு நகராட்சிகளுக்குத் தரும் நிர்வாக மானியம், பதிவுகளை எவ்வளவு புதிதாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. காலாவதியான பதிவைத் துரத்திப் போக நகராட்சிக்கே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கணக்கெடுப்பு முறையில் இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் 'அடுத்த சுற்றில் பார்க்கலாம்' என்பதே பதில்.

குறை இல்லாமல் இல்லை. பிரேசிலில் 2022-இல் ஆளெண்ணிக்கை பார்க்காமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை கொடுத்தபோது, 'நான் தனியாள்' என்ற பதிவுகள் மளமளவென்று கூடின. 2023-இல் பெரிய அளவில் மறுஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. அலுவலகம் வரை வரவே முடியாதவர்களைத் தேடிப்போய்ப் பதியும் வேலையையும் 2011-இல் தனியாகத் தொடங்கினார்கள். எங்கள் பரிந்துரையிலும் அதைச் சேர்த்தோம். ஆனால் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களிடம் அது எந்த அளவுக்கு எடுபடும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன்.

பதிவேடே இல்லாத நாட்டில், உதவி உடனே போய்ச் சேர வேண்டிய நெருக்கடி என்றால் முதல் தடவை கணக்கெடுப்பு எடுக்கட்டும். அதே நாளில் பதிவு அலுவலகத்தையும் திறக்க வேண்டும், அதை நடத்தும் ஆட்களின் சம்பளம் வருடாந்தர பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.